மர நடைவண்டி: தள்ளிப் பார்த்து வாங்குங்கள்

சுவரையும் நாற்காலியையும் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் அடியெடுத்து வைக்கிற குழந்தைக்கு, மூன்று சக்கர மர நடைவண்டியைவிட நல்ல பொருள் கடையில் இல்லை. ஆனால் இன்றைய வீடுகளில் அது ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமென்றால் வாங்கும்போது நான்கைந்து இடங்களை அளந்து பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு சக்கரங்களில் அரை மணி நேர வேலையும் இருக்கிறது. இரண்டையும் செய்யாமல் விட்டால், நடை பழக்க வந்த வண்டியே உதட்டைக் கிழித்துவிடும்.

நடைவண்டியின் வடிவம் மண்தரைக்கும் சொரசொரப்பான சிமென்ட் தரைக்கும் ஏற்பட்டது. வாசலிலும் தெருவிலும் தள்ளும்போது மண்ணே பிரேக் போட்டுவிடும். டைல்ஸ் தரையில் அதே சக்கரத்தைத் தடுக்க எதுவும் இல்லை. லேசாக அழுத்தினாலே வண்டி முன்னால் ஓடிவிடும், குழந்தையின் கால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. கை முன்னே போக, கால் பின்தங்க, உடல் சாய்ந்து வாய் நேராகக் கைப்பிடிக் கட்டையில் இடிக்கும். குழந்தை ஓர் அடி வைத்தால் வண்டி ஓர் அடி நகர வேண்டும், அதற்கு மேல் ஒரு விரற்கடைகூடப் போகக் கூடாது. நடைவண்டி நல்லதா கெட்டதா என்பதை இந்த ஒன்றை வைத்தே முடிவு செய்யலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கடையில் "வாக்கர்" என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது நடைவண்டியை அல்ல. நடுவில் துணி இருக்கையும், சுற்றிலும் தட்டும், அடியில் ஆறு அல்லது எட்டு சிறு உருளைகளும் வைத்த வட்டமான பிளாஸ்டிக் வாக்கரைத்தான் காட்டுவார்கள். அதை வாங்காதீர்கள். யாராவது பரிசாகக் கொடுத்தாலும் பயன்படுத்தாதீர்கள். அதில் குழந்தையின் எடையை இருக்கை தாங்கிவிடுகிறது, கால் நுனியால் தரையை உந்தினாலே போதும். ஒரு நொடிக்குள் ஒரு மீட்டர் தூரம் போய்விடும் என்பதால் பக்கத்தில் நிற்கிற பெரியவருக்கும் எட்டிப் பிடிக்க நேரமிருக்காது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரையிலான அவசரச் சிகிச்சைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, இந்த வாக்கரால் அடிபட்டு வந்த 15 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை 2,30,000-ஐத் தாண்டியது. பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ அடி. நான்கில் மூன்று பங்கு, படிக்கட்டில் உருண்டதால் வந்தது. கனடா 2004-இல் இதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. நம் சமையலறைகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. வாக்கரில் உட்கார்ந்த குழந்தைக்குக் குக்கரின் கைப்பிடியும் மிக்ஸி வயரும் சட்டென்று எட்டிவிடும்.

நடைவண்டி அடிப்படையிலேயே வேறு பொருள். எடை முழுவதும் குழந்தையின் காலில்தான். பாதம் எங்கே படுகிறது என்பது குழந்தையின் கண்ணுக்குத் தெரியும். பயம் வந்தால் கையை விட்டுவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்துகொள்ளலாம். அப்படி உட்காரத் தெரிவதும் நடை பழகுவதில் ஒரு பாடம்தான்.

அதற்காக நடைவண்டி வாங்கினால் குழந்தை சீக்கிரம் நடந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை விரிந்திருக்கிறது. அந்த இடைவெளிக்குள் எப்போது நடந்தாலும் இயல்புதான். எந்த வண்டியும் அதை முன்னால் இழுக்காது. 18 மாதம் முடிந்தும் தனியாக நடக்கவில்லையென்றால் போக வேண்டிய இடம் குழந்தை மருத்துவரிடம். தள்ளுகிற மகிழ்ச்சி, தானே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போய்ச் சேரும் பெருமை, நின்றபடியே விளையாட ஒரு துணை, இவைதான் நடைவண்டி தருகிறவை. அந்த வயதுக்கு அவை பெரியவை.

கடையில் பார்க்க வேண்டிய முதல் இடம் கைப்பிடிக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள உறவு. மலிவான நடைவண்டிகளில் கைப்பிடிச் சட்டம் பின் அச்சுக்கு நேர் மேலே நிற்கும். சிலவற்றில் அது குழந்தை நிற்கும் பக்கமாகச் சாய்ந்தும் இருக்கும். இது தவறான வடிவம். குழந்தை இந்த வண்டியைத் தள்ளுவது பிறகுதான், முதலில் அதைப் பிடித்துத் தொங்கித்தான் எழுந்திருக்கும். எழும்போது விசை கீழ்நோக்கியும் தன் பக்கமாகவும் போகிறது. கைப்பிடி அச்சுக்குப் பின்னால் இருந்தால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும், வண்டி குழந்தையின் மேலேயே மல்லாக்க விழும். பின்சக்கரங்கள் கைப்பிடியைவிட 8 முதல் 10 செ.மீ. குழந்தையின் பக்கமாகத் தள்ளி அமைந்திருக்க வேண்டும். அப்படி அமைக்கும்போது இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே கம்பியால் இணைத்திருந்தால், அது கால் வீசி நடக்கும் இடத்தில் குறுக்கே ஓடி விரல்களை இடிக்கும். பக்கச் சட்டங்கள் பின்னால் நீண்டு, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி போல்ட்டில் சுற்றுகிற வண்டிதான் சரி. இப்படிச் செய்பவர்கள் குறைவு. ஆனால் தச்சரிடம் கேட்டால் செய்து தருவார்.

சோதிப்பது எளிது. ஒரு துணிப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைப் போட்டுக் கைப்பிடியின் நடுவில் மாட்டுங்கள். முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பினால் அந்த வண்டி வேண்டாம். அடுத்ததாகப் பின்சக்கரங்களுக்குப் பின்னால் செருப்பை முட்டுக்கொடுத்துக் கைப்பிடியை இரண்டு விரலால் உங்கள் பக்கம் இழுத்துப் பாருங்கள். குழந்தையின் பாதம் சக்கரத்தை மறித்து நிற்கும்போது நடப்பதும் இதுதான். இரண்டரை கிலோ எடையுள்ள சாதாரண வண்டி, இந்தச் சோதனையில் ஒரு கிலோவுக்கும் குறைவான இழுப்பிலேயே கவிழத் தொடங்கும். அடிச்சட்டத்தின் மேல், முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால், இரண்டு கிலோ அரிசியைத் துணிப்பையில் தட்டையாகக் கட்டிவிட்டால் கவிழ்க்கத் தேவைப்படும் இழுப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். பழகும் முதல் சில வாரங்களுக்கு இந்த மூட்டை கட்டாயம் வேண்டும். அரிசிக்குப் பதில் மணல் என்றால் தையல் உறுதியாக இருக்கட்டும், தரையில் சிந்திய மணலில் கால் சறுக்கும்.

கைப்பிடியின் உயரம் அடுத்தது. ஒரு வயதில் ஆண் குழந்தையின் நடுத்தர உயரம் ஏறத்தாழ 76 செ.மீ., பெண் குழந்தைக்கு 74 செ.மீ. அந்த உயரத்துக்குக் கைப்பிடி தரையிலிருந்து 40 முதல் 45 செ.மீ. இருந்தால் தொப்புளுக்கும் மார்புக்கும் நடுவே வரும், முழங்கை லேசாக மடங்கியிருக்கும். 50 செ.மீ.க்கு மேல் போனால் குழந்தை கையை உயர்த்தித் தொங்கிக்கொண்டு நடக்கும், குதிகால் தரையில் படாது. 35-க்குக் கீழே இருந்தால் குனிந்து ஓடும், முன்னால் கவிழும். இரண்டு குறுக்குக் கட்டைகள் உள்ள வண்டி கிடைத்தால் விடாதீர்கள். 25 செ.மீ. உயரத்தில் உள்ள கீழ்க்கட்டை எழுந்து நிற்க, மேல்கட்டை தள்ள. கட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் பாருங்கள். 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட இடைவெளியில் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இரண்டு கட்டைகள் 15 செ.மீ. தள்ளி இருந்தால் நடுவே செங்குத்தாகக் குச்சிகள் வைத்து, எந்த இடைவெளியும் 9 செ.மீ.க்குக் குறைவாக இருக்கும்படி அடைத்திருக்க வேண்டும். கட்டையின் கனம் 2 முதல் 2.5 செ.மீ., உருண்டையாக. சதுரக் கட்டையைச் சின்ன உள்ளங்கையால் வளைத்துப் பிடிக்க முடியாது.

பின்சக்கரங்களுக்கு இடையே வெளிப்புறமாக 35 முதல் 40 செ.மீ. அகலம் வேண்டும். அதைவிடக் குறுகலாக இருந்தால் கால்விரல் சக்கரத்தில் மோதும், வண்டி பக்கவாட்டிலும் சாயும். முன்பக்கம் ஒற்றைச் சக்கரம் என்பதால் நடைவண்டிக்கு இயல்பாகவே முன்மூலைகளில் பலம் குறைவு. மூத்த குழந்தை அடிச்சட்டத்தில் ஏறி நின்றுகொண்டு, சின்னதைத் தள்ளச் சொல்லும் விளையாட்டு எல்லா வீட்டிலும் ஒருநாள் தொடங்கும். அதை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள சந்து நிறைய பேர் கண்ணில் படுவதில்லை. 5 மில்லிமீட்டர் முதல் 12 மில்லிமீட்டர் வரை உள்ள சந்தில் குழந்தையின் விரல் நுழையும், ஆனால் திரும்ப வராது. அதனால் சந்து 5 மி.மீ.க்குக் குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் 12-க்கு மேலே போகட்டும். பழைய பாணி வண்டிகளில் சக்கரம் கழலாமல் இருக்கக் கடையாணியாக ஒரு மரக்குச்சியையோ ஆணியையோ செருகியிருப்பார்கள். வெயிலில் மரம் சுருங்கியதும் அது தானாக உதிரும். உதிர்ந்தது நேராக வாய்க்குத்தான் போகும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மையில், 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுமையாக அடங்கிவிடுகிற எந்தத் துண்டும் கழன்று வரக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. கடையாணி அதற்குள் தாராளமாக அடங்கும். ஹார்டுவேர் கடையில் ஆறு மில்லிமீட்டர் போல்ட்டும், உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டும், இரண்டு பக்கமும் வாஷரும் வாங்கி மாற்றிவிடுங்கள். நட்டுக்கு வெளியே போல்ட் நீண்டிருந்தால் அறுத்து அரம் போட்டுவிட்டு, அதன்மேல் குமிழ் மூடி மாட்டுங்கள். மூன்று சக்கரத்துக்கும் சேர்த்துச் செலவு மிகக் குறைவு, பலனோ பெரிது.

தள்ளும்போது டக்டக்கென்று சத்தம் எழுப்ப மரச்சுத்திகள் வைத்த வண்டிகளும் உண்டு. குழந்தைகளுக்கு அந்தச் சத்தத்தில் அலாதி ஆசை, இன்னும் நாலு அடி வைக்க அதுவே காரணமாகிவிடும். சுத்தி உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா, விரலை நசுக்குமா என்று மட்டும் பாருங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழ்வீட்டாரையும் நினைத்துக்கொள்ளவும்.

மரத்தைப் பொறுத்தவரை, தேக்கு நல்லதுதான். கனமாக இருப்பதால் நிலையாக நிற்கும், ஈரத்துக்கும் ஒத்துப்போகும். ஆனால் ஓராண்டுப் பயன்பாட்டுக்கு அவ்வளவு விலை அவசியமில்லை. நன்றாக உலர்ந்த வேம்போ ரப்பர் மரமோ போதும். மாமரத்தில் செய்தது கிடைக்கும், வண்டு துளைக்கும். பேக்கிங் பெட்டி உடைத்த மெல்லிய பலகையில் செய்ததைத் தொட வேண்டாம், சிராய் ஏறும். சிராய் இருக்கிறதா என்று பார்க்கக் கையால் தடவுவதைவிட, ஒரு பஞ்சுருண்டையை எல்லா விளிம்பிலும் இழுத்துப் பாருங்கள். பஞ்சு எங்கே மாட்டுகிறதோ அங்கே உப்புத்தாள் போட வேண்டும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையில் செய்த அழகான வண்டிகள் இணையத்தில் நிறைய வருகின்றன. சிறுநீர் பட்டுப் பட்டு அடிப்பாகம் உப்பி, திருகாணி பிடியை விட்டுவிடும். நடை பழகும் வயதில் சிறுநீர் படாத பொருள் வீட்டில் எது?

இணைப்புகளைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு சட்டத்தின் நுனியைச் செதுக்கி அடுத்ததன் துளைக்குள் இறக்கியிருந்தால் அது தச்சு வேலை. வெறும் ஆணி அடித்து ஒட்டவைத்திருந்தால் சில வாரங்களில் ஆட்டம் கொடுக்கும், ஆணித் தலை வெளியே வரும். கைப்பிடியைப் பிடித்து எதிரெதிர் மூலைகளாக முறுக்கிப் பாருங்கள். கிரீச்சென்று சத்தம் வந்தால் இப்போதே தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

பூச்சு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும், ஏனென்றால் பல் முளைக்கும் வயதில் வாயின் உயரத்துக்கே ஒரு கட்டையைக் கொண்டுபோய் வைக்கிறோம். கைப்பிடியில் பல்தடம் பதியாத நடைவண்டியே கிடையாது. இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக் கூடாது என்பது 2016-இல் வந்த விதி. தச்சர் எங்கேயோ மீந்த பழைய டப்பாவை எடுத்து அடித்தால் அந்த விதியால் நமக்குப் பயனில்லை. தச்சரிடம் செய்யச் சொல்பவர்கள் பெயின்ட்டே வேண்டாம் என்று சொல்லிவிடுவது உத்தமம். உப்புத்தாளால் வழவழப்பாக்கிய வெறும் மரத்தில் சில துளி தேங்காயெண்ணெய் தடவி, துணியால் அழுத்தித் துடைத்தாலே போதும். நிறம் வேண்டுமென்றால் அரக்குப் பூச்சு நல்ல வழி. கர்நாடகத்துச் சென்னபட்டணாவிலும் நம் அம்பாசமுத்திரத்திலும் கடைசல் பொம்மைகளுக்கு ஏற்றுகிற பூச்சு அதுதான். கடைசல் எந்திரத்தில் மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்துவார்கள், உரசும் சூட்டில் அது உருகி மரத்தில் ஏறும். இப்படிச் செய்த கைப்பிடிக்கும் சக்கரத்துக்கும் ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. சானிடைசர் போட்டுத் துடைக்காதீர்கள், ஆல்கஹாலில் அரக்கு கரையும். ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்தினால் போதும்.

எங்கே வாங்குவது? 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம். கைவினைஞர்களுக்கான மத்திய அலுவலகத்தில் பதிவு செய்தவர்கள் தாங்களே செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. கடையில் பெட்டியில் அடைத்து வரும் வண்டி என்றால் முத்திரையின் அடியில் உள்ள உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபாருங்கள். தேர்த்திருவிழாக் கடையிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் முத்திரை இருக்காது. அங்கே மேலே சொன்ன சோதனைகள்தான் உங்களுக்குத் துணை. விலை மரத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். என் பரிந்துரை, ஊரில் நல்ல தச்சர் இருந்தால் அளவுகளைத் தாளில் எழுதிக் கொடுத்துச் செய்யச் சொல்வது. கடை வண்டியைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார், கொடுக்கலாம். இணையத்தில் வாங்குவதில் உள்ள சிக்கல், தள்ளிப் பார்க்க முடியாது என்பதுதான். படத்தில் பக்கவாட்டுத் தோற்றம் இருந்தால் கைப்பிடிக்கும் அச்சுக்கும் உள்ள இடைவெளியை அதில் பாருங்கள். முன்பக்கப் படம் மட்டும் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

இனி டைல்ஸ் தரைக்கான வேலை. பஞ்சர் கடையில் வீணாய்ப்போன ஸ்கூட்டர் ட்யூப் ஒன்று கேட்டு வாங்குங்கள். அதைக் குறுக்கே, சக்கரத்தின் கனத்துக்கு ஏற்ப இரண்டு செ.மீ. அளவில் வளையம் வளையமாக வெட்டினால், 8 முதல் 10 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் மேல் இறுக்கமாக ஏறி உட்காரும். சைக்கிள் ட்யூப் இதற்கு ஆகாது, வளையம் மிகச் சிறியதாக இருக்கும், இழுத்து மாட்டினால் கிழியும். மாட்டுவதற்கு முன் ட்யூபை சோப்புப் போட்டுக் கழுவி உள்ளிருக்கும் மாவை நீக்குங்கள். ஒரு வளையத்துக்கு மேல் இன்னொன்று என்று இரண்டு அடுக்கு போட்டால் சத்தமும் பாதி அடங்கும். பசை போட்டு ஒட்ட வேண்டாம், தேய்ந்ததும் மாற்ற வசதியாக இருக்கட்டும். விளிம்பு பிய்ந்து நூலாகத் தொங்கத் தொடங்கினால் அன்றே மாற்றிவிடுங்கள்.

ரப்பர் வழுக்கலை நிறுத்தும், வேகத்தை முழுவதும் நிறுத்தாது. வேகத்துக்கு வழி அச்சில் இருக்கிறது. சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் வாஷர் வைத்து நைலாக் நட்டைச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். விரலால் சக்கரத்தைச் சுண்டினால் ஒரு சுற்றுக்குள் நின்றுவிட வேண்டும், அதுதான் அளவு. பின்சக்கரம் இரண்டையும் ஒரே மாதிரி இறுக்குவது முக்கியம். ஒன்று மட்டும் இறுகினால் வண்டி அந்தப் பக்கமே வளைந்து போகும், குழந்தை அடிக்கடி சுவரில் முட்டும். நடை பழகிய பிறகு கால் சுற்று, அரைச் சுற்று என்று தளர்த்திக்கொண்டே வரலாம். மழைக்காலத்தில் மரம் ஊதி சக்கரம் தானாக இறுகும், கோடையில் தளரும். அதனால் பருவம் மாறும்போது ஒருமுறை சுண்டிப் பார்த்துவிடுங்கள். அச்சில் எண்ணெய் விட வேண்டாம். எண்ணெய் தரைக்கு இறங்கும், குழந்தையின் காலில் படும்.

எப்போது கொடுப்பது என்பதை வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தானாகப் பிடித்து எழுந்து, சோபாவைப் பற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் நகரத் தெரிந்த பிறகு கொடுங்கள். அதற்கு முன் கொடுத்தால் வண்டியைக் குப்புறத் தள்ளுவது மட்டுமே நடக்கும். முதல் சில முறை, பெரியவர் ஒருவர் வண்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து முன்சட்டத்தைக் கையால் பிடித்தபடி, குழந்தை தள்ளத் தள்ளப் பின்வாங்க வேண்டும். முகத்தைப் பார்த்தபடி நடப்பதால் குழந்தை நிமிர்ந்து நடக்கும், தள்ளுகிற வேகமும் உங்கள் கையில் இருக்கும். பின்னால் நின்று அக்குளைப் பிடித்துத் தூக்கி நடக்க வைப்பதுதான் வழக்கம், ஆனால் அது எடையைக் காலிலிருந்து எடுத்துவிடுகிறது.

வெறுங்கால்தான் சரி. சாக்ஸ் டைல்ஸில் சறுக்கும், பீ-பீ என்று சத்தமிடும் செருப்பு பாதத்துக்குத் தரையை உணரவிடாது. நீளப் பாவாடையும் கவுனும் பின்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும், முழங்காலுக்கு மேலே நிற்கும் உடை போடுங்கள். ஈரமாகிக் கனத்த டயப்பர் கால்களை அகட்டி நடக்க வைக்கும், மாற்றிவிட்டு விடுங்கள். பத்து, பதினைந்து நிமிடம் தள்ளினாலே குழந்தை களைத்துவிடும். களைத்த பிறகுதான் அதிகம் விழும். கண்ணைக் கசக்கத் தொடங்கியதும் வண்டியை எடுத்து மறைத்துவிடுங்கள், கண்ணில் பட்டால் அழுகைதான்.

திரும்புவதுதான் நடைவண்டியின் பெரிய குறை. முன்சக்கரம் நேராக மட்டுமே ஓடும். சுவரில் முட்டியதும் குழந்தைக்கு என்ன செய்வதென்று தெரியாது, வண்டியை இடித்து இடித்துப் பார்த்துவிட்டு அலறும். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்த் திருப்பிவிடாதீர்கள். கைப்பிடியின் மேல் அதன் கையோடு உங்கள் கையை வைத்து, ஓர் அடி பின்னால் இழுத்து, பக்கவாட்டில் நகர்த்திக் காட்டுங்கள். பலமுறை காட்ட வேண்டியிருக்கும். தானாகப் பின்னால் இழுத்துத் திருப்பக் கற்றுக்கொண்ட நாளில் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும். முன்சக்கரத்துக்குப் பதில் சுழலும் உருளை மாட்டினால் இந்தக் குறை தீருமே என்று தோன்றும். மாட்டாதீர்கள், வண்டி நினைத்த பக்கமெல்லாம் ஓடும், நடை பழகும் குழந்தையால் அதை அடக்க முடியாது.

வழியைச் சரிபார்க்காமல் வண்டியை விடக் கூடாது. மிதியடியின் விளிம்பு, அறைக்கு அறை இருக்கும் கல் தடுப்பு, தரையில் ஓடும் சார்ஜர் வயர், இவை முன்சக்கரத்தைச் சட்டென நிறுத்தும், குழந்தை கைப்பிடிக்கு மேலாகப் போய் விழும். மேசை விரிப்பு தொங்கினால் வண்டியை விட்டுவிட்டு அதைத்தான் பிடித்து இழுக்கும். குளியலறைக் கதவைச் சாத்தி வையுங்கள். படிக்கட்டு உள்ள வீட்டில் கேட் போடாமல் நடைவண்டியை எடுக்கவே வேண்டாம், மாடி வீட்டில் வாசல் கதவு தாழ் போட்டிருக்க வேண்டும். மொட்டைமாடியும் சாய்வான கார் நிறுத்துமிடமும் பார்க்கச் சமதளம் போல இருக்கும், தண்ணீர் வடிய வாட்டம் விட்டிருப்பார்கள், வண்டி தானாக ஓடும். வெளியே கொண்டுபோக நல்ல இடம் புல் இல்லாத கெட்டி மண். கோயில் பிரகாரத்துக் கருங்கல் தரையும் அருமையாக இருக்கும், காலையிலோ அந்திக்குப் பிறகோ கல் சுடாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.

தள்ளிக்கொண்டே பொத்தான்களை அழுத்திப் பாட்டுக் கேட்கும் பிளாஸ்டிக் வண்டிகளும் இருக்கின்றன. நான்கு சக்கரம் என்பதால் பக்கவாட்டில் சாயாது, சிலவற்றில் சக்கரத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகும் உண்டு. அது நல்ல வசதி. ஆனால் எடை குறைவு என்பதால் பிடித்து எழும்போது எளிதாகக் கவிழும். முன்பலகையில் விளக்கும் சத்தமும் நிறைந்திருப்பதால் குழந்தை நடப்பதை விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடும். மரத்தில் கிடைக்காத ஊரில் அதை வாங்கலாம். வாங்கினால் அரிசி மூட்டை அதற்கும் வேண்டும். பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பொத்தான் பேட்டரி போடும் வகை என்றால் வேண்டவே வேண்டாம், அதை விழுங்கினால் உணவுக்குழாயே வெந்துவிடும்.

தனியாக நடக்கத் தொடங்கிய பிறகும் நடைவண்டிக்கு ஓய்வு இல்லை. அடிச்சட்டத்தின் மேல் ஒரு பலகையை வைத்துவிட்டால் சுமை வண்டியாகிவிடும். சமையலறையிலிருந்து வெங்காயமும் கரண்டியும் ஹாலுக்குப் போய்ச் சேரும், செருப்புகள் படுக்கையறைக்கு வரும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எடுத்துப்போய் வைப்பதைவிடப் பெரிய வேலை இல்லை, அதை மனமாரச் செய்யவிடுங்கள். இழுக்கக் கயிறு கட்டுவதானால் 22 செ.மீ.க்கு மேல் நீளம் வேண்டாம், நுனியில் வளையமோ பெரிய முடிச்சோ வேண்டாம். இந்தக் கட்டத்தில் சக்கரத்து ரப்பர் வாஷரை எடுத்துவிடலாம், ட்யூப் வளையம் இருக்கட்டும்.

அடுத்த குழந்தைக்கென்று பரணில் ஏற்றி வைப்பவர்கள், ஏற்றும் முன் ரப்பர் வளையங்களைக் கழற்றிவிடுங்கள். சூட்டில் உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். வண்டியை வெயிலில் ஒருநாள் காயவைத்து, பாலித்தீன் சுற்றாமல் பழைய பருத்தித் துணியில் மூடி வையுங்கள். இறக்கும்போது அடியில் மெல்லிய மரத்தூள் கொட்டியிருந்தால் வண்டு ஏறியிருக்கிறது. அந்தச் சட்டத்தை மாற்றினால் போதும், முழு வண்டியையும் எறிய வேண்டாம். போல்ட்டுகளையும் நைலாக் நட்டுகளையும் மட்டும் புதிதாகப் போடுங்கள், ஒருமுறை கழற்றி மாட்டிய நைலான் வளையம் முன்புபோலப் பிடிக்காது.